மூன்று பேரும் முப்பத்தாறு சதுர மைலும்

மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வயல்கள் இன்னும் பனிக்கடியில்தான் கிடக்கும். சரளைச் சாலையோரம் ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று, பல ஊர்களில் அது பழைய பள்ளிக்கூடம். வாசலில் சேறு அப்பிய பிக்கப் வண்டிகள். உள்ளே மடக்கு நாற்காலிகளும் ஆவி பறக்கும் காபியும். வாருங்கள், சத்தம் போடாமல் கடைசி வரிசையில் உட்காருவோம். நமக்கு முன்னால் இருப்பது ஓர் அரசாங்கம்!

இதன் பெயர் டவுன்ஷிப். 1785-இல் போட்ட நிலச் சட்டம் ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று நாட்டின் மேற்கு நிலங்களைக் கட்டம் கட்டியது. ஒரு கட்டத்துக்குள் 36 துண்டுகள், துண்டுக்கு ஒரு சதுர மைல். பதினாறாம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு என்று அப்போதே ஒதுக்கிவிட்டார்கள். விமானத்தில் போனால் ஜன்னல் வழியாகப் பாருங்கள், அந்தக் கோடுகள் இன்றும் சாலைகளாக ஓடுகின்றன. மினசோட்டாவில் மட்டும் இப்படி 1,700-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள்!

பெரும்பாலான டவுன்ஷிப்புகளில் ஆள்பவர்கள் மூன்று சூப்பர்வைசர்கள். கூடவே ஒரு கிளார்க், ஒரு பொருளாளர். அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு மேஜை அவர்களுடையது இல்லை. வந்திருக்கும் வாக்காளர்கள் தங்களுக்குள் ஒருவரை மாடரேட்டராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், கூட்டத்தை அவர்தான் நடத்துவார். அடுத்த வருஷத்துக்கு ஊர் வரி எவ்வளவு? சூப்பர்வைசர்கள் ஒரு தொகையைச் சொல்லலாம். முடிவு செய்வது நாற்காலியில் இருப்பவர்கள்! ஒருவர் எழுந்து சரளைக்கு இவ்வளவு ஏன் என்று கேட்பார், பதில் வரும், பிறகு வாக்கு. தங்கள் வரியைத் தாங்களே நிர்ணயித்துவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

பணத்தில் பெரும்பங்கு சாலைக்குத்தான் போகும். சரளைச் சாலை லேசுப்பட்டதல்ல. பனி உருகும்போது சக்கரம் புதையும். காய்ந்தால் வரிவரியாக மேடு விழுந்து பல்லெல்லாம் ஆடும். அப்போது கிரேடர் வரும். நீண்ட இரும்பு அலகைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்துக்கு ஓடிப்போன கல்லையெல்லாம் வாரி நடுவுக்குக் கொண்டுவரும். சாலையின் முதுகு கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் நடுவிலேயே தேங்கிக் குழி பறிக்கும். அந்த முதுகு சரியாக நிற்கிறதா என்று சூப்பர்வைசரே வண்டியை நிறுத்திப் பார்ப்பார். அவர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தும் இதே சாலையில்தானே வர வேண்டும்!

சாலையோடு முடியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலிக்குச் சண்டை போட்டால் நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களும் இந்தச் சூப்பர்வைசர்களே. வேலி பார்ப்பவர் என்ற பதவியே சட்டத்தில் இருக்கிறது! கேடு விளைவிக்கும் களைகளைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர்களும் இவர்களே.

எனக்கு மிகப் பிடித்த ரகசியத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். மூன்று பேரில் இரண்டு பேர் சேர்ந்தால் பெரும்பான்மை. அவர்கள் ஊர் விஷயம் பேச ஆரம்பித்தால் அது கூட்டமாகிவிடும், கூட்டமென்றால் பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும். அதனால் தீவனக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் மழையைப் பேசலாம், மாட்டைப் பேசலாம், பேரப்பிள்ளையைப் பேசலாம். சாலையைப் பற்றி மூச்சு விடக்கூடாது!

கிளார்க்கைப் பாருங்கள், ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அறிவிப்பு போடுவதும் தேர்தல் வேலையும் இந்தக் குறிப்பேடும் அவர் பொறுப்பு. இன்று பனிப்புயல் அடித்திருந்தால் எல்லாம் மூன்றாவது செவ்வாய்க்குத் தள்ளிப்போயிருக்கும். நல்லவேளை, வானம் தெளிந்திருக்கிறது. மாடரேட்டர் கை தூக்கச் சொல்கிறார். கிளார்க் பேனாவை உயர்த்தி வரிசை வரிசையாக எண்ணத் தொடங்குகிறார்.