மூளைப் படமும் நிற மயக்கமும்

கார்த்திகைத் தீபத் திருநாள் மாலையில் திருவண்ணாமலையின் உச்சியில் பெருஞ்சுடர் எழுந்ததும், ஊரார் தம் இல்லங்களில் அகல்விளக்குகளை ஏற்றுவர். அப்போது ஒரு திண்ணைச் சுவரை உற்று நோக்குக. விளக்கின் அருகே அது வெண்மையாய்த் திகழும். நான்கு முழம் தள்ளிச் சாம்பல் நிறமாய் மங்கும். பூசிய சுண்ணாம்போ ஒன்றே. நிறத்தை மட்டும் கண்டு சுவர் இரண்டு என்பவன் பிழைபட்டவன் ஆவான்.

மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தக் கருவிக்கும் இவ்விடர் உண்டு. அதன் படங்களுள் ஒருவகையில் மூளையின் வெண்பொருள் வெளிறியும், சாம்பல்நிறப் பொருள் சற்றே மங்கியும், இடையிலும் புறத்திலும் உள்ள நீர் கருத்தும் தோன்றும். கணிப்பொறி இந்நிற வேற்றுமையைக் கொண்டே மூன்றையும் பிரித்து அளக்கின்றது. ஆனால், உடலிலிருந்து வரும் அலையை வாங்கும் கம்பிச்சுருளுக்கு அருகிலுள்ள பகுதி மிகுதியாக ஒளிரும், தொலைவிலுள்ளது மங்கும். மங்கிய வெண்பொருளைக் கணிப்பொறி சாம்பல்நிறப் பொருளென்று எண்ணிவிடும். இவ்வொளி வேறுபாடு படத்தில் மெல்ல மெல்ல மாறுவது. அவ்வியல்பைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அதனைக் கணித்து நீக்கும் முறையொன்றைக் கனடாவின் மான்ட்ரீல் நகரத்து அறிஞர் 1998இல் வெளியிட்டனர்.

இன்னொரு மயக்கம் எல்லையில் நேர்வது. படம் சிறு கனசதுரங்களால் ஆனது; ஒன்றன் பக்கம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் அளவினது. அதனுள் வெண்பொருளும் நீரும் கலந்திருப்பின், அங்கே இல்லாத சாம்பல்நிறப் பொருள் இருப்பதுபோல் தோன்றும். மாலையிருளில் தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என ஐயுற்றவிடத்து, இரண்டிற்கும் பொதுவான சொல்லால் சுட்டுக என்பர் இலக்கண நூலார். கணித வல்லுநரும் அவ்வாறே ஒன்றெனத் துணியாது, இன்ன பொருள் இத்துணைப் பங்கு எனப் பகுத்துக் கூறுகின்றனர்.

இவற்றினும் கொடியது நோயால் வரும் மயக்கம். முதுமையில் வெண்பொருளில் உண்டாகும் வடுக்கள் மங்கலாய்த் தோன்றிச் சாம்பல்நிறப் பொருளின் கணக்கில் ஏறிவிடும். நினைவு குன்றிவரும் முதியவர்க்கு அப்பொருள் உண்மையில் தேய்ந்துகொண்டிருக்க, பொய்க்கணக்கு அத்தேய்வை மறைத்துவிடும். ஆதலின், அவ்வடுக்கள் பளிச்சென ஒளிரும் வேறுவகைப் படமும் எடுத்து, அவற்றைக் குறித்து ஒதுக்கிய பின்னர் அளப்பதே முறை.

நிறத்தோடு இடத்தையும் நோக்கின் மயக்கம் குறையும். இன்ன இடத்தில் இன்ன பொருள் இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படம் அதற்கு உதவுவது. நெடுங்காலம் வழங்கியது மேனாட்டார் மூளைகளைக் கொண்டு அமைத்த மாதிரியே. இந்தியர் மூளை சராசரியில் அதனினும் சிறிது. ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தார் இந்தியர் மூளைகளைக் கொண்டே அமைத்த மாதிரியை 2019இல் வெளியிட்டனர்.