அன்னங்களும் வர்க்கமூலமும்

இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டில் வடமொழியில் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலில் அன்னங்களைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் அன்னக் கூட்டத்தினது தொகையின் வர்க்கமூலத்தைப்போல் மூன்றரை மடங்கு பறவைகள் கரையில் இருந்தன. எஞ்சிய இரண்டும் நீரில் இருந்தன. கூட்டத்தின் தொகை யாது?

அத்தொகையை ‘ய’ என்க. பாஸ்கரரும் தம் பீஜகணிதத்தில் அறியா எண்ணை ‘யா’ என்றே குறித்தார். இனி, சமன்பாடு வருமாறு:

ய = (7/2)√ய + 2

வர்க்கமூலத்தை நீக்கும் வழி வர்க்கம் செய்தலே. ஆயினும், உள்ளவாறே வர்க்கம் செய்தால் வலப்புறத்தில் √ய மீண்டும் தலைகாட்டும். ஆதலின் முதலில் அதனைத் தனியே நிறுத்துக:

ய − 2 = (7/2)√ய

இருபுறமும் வர்க்கம் செய்து, பின்னம் நீங்க நான்கால் பெருக்கி ஒழுங்குபடுத்தின், 4ய² − 65ய + 16 = 0 என வரும். இது (4ய − 1)(ய − 16) = 0 எனப் பிரியும். ஆகவே, ய = 16 அல்லது 1/4.

கால் அன்னம் உலகில் இல்லை என்று கூறிப் பின்னதைத் தள்ளுவோர் உளர். அக்காரணம் போதாது. அன்னத்திற்கு மாறாக நெல்லைப் படியால் அளந்திருப்பின், கால் படி நெல் இருத்தல் கூடுமன்றோ? முதற் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். 16-இன் வர்க்கமூலம் 4. அதன் மூன்றரை மடங்கு 14. இரண்டைக் கூட்ட 16. பொருந்துகிறது. 1/4-இன் வர்க்கமூலம் 1/2. அதன் மூன்றரை மடங்கு 7/4. இரண்டைக் கூட்ட 15/4. இடப்புறத்தில் உள்ளதோ 1/4!

பிழையின்றிச் செய்த கணக்கில் இப்பொய் விடை புகுந்தது எவ்வாறு? 3, −3 ஆகிய இரண்டும் வெவ்வேறு எண்கள். அவற்றின் வர்க்கமோ 9 ஒன்றே. ய = 1/4 எனின், ய − 2 என்பது −7/4; (7/2)√ய என்பது 7/4. சமமல்லாத இவ்விரண்டும் வர்க்கம் செய்தவுடன் சமமாகிவிட்டன. சமமான எண்களின் வர்க்கங்கள் சமமே. ஆனால் வர்க்கங்கள் சமமாதல் கொண்டு எண்களும் சமம் எனத் துணிதல் தவறு.

ஆகையால், கிடைத்த ஒவ்வொரு விடையையும் வர்க்கம் செய்வதற்கு முன்னிருந்த சமன்பாட்டிலேயே இட்டுச் சோதித்தல் வேண்டும். பின்வந்த சமன்பாட்டில் இட்டால் பொய் விடையும் மெய்போலப் பொருந்தி நிற்கும். மாணவர் பலர் இச்சோதனையை நேரமிருந்தால் செய்யத்தக்கது என எண்ணுகின்றனர். அது கணக்கின் ஒரு பகுதியே ஆகும்.

பாஸ்கரர் காட்டும் வழி வேறு. மூன்றரையிற் பாதி 7/4. அதன் வர்க்கம் 49/16. அதனுடன் நீரிலுள்ள இரண்டைக் கூட்ட 81/16. அதன் வர்க்கமூலம் 9/4. அதனுடன் 7/4-ஐக் கூட்ட 4. இதுவே √ய, இதன் வர்க்கம் 16. இவ்வழியில் அக்கால் அன்னம் தோன்றுவதே இல்லை.