தாத்தாவின் வாளியும் என் பாடப்புத்தகமும்

கடந்த செமஸ்டர் விடுமுறையில் முப்பது இறால்களைச் சாகடித்தேன். சமையலுக்கு வாங்கியவை அல்ல. தூண்டிலில் மாட்டுவதற்காகக் காசு கொடுத்து உயிரோடு வாங்கியவை.

தாத்தாவுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பினாங்குத் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அந்த எட்டு மாதமும் கடலைப் பார்க்காமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். மருத்துவர் நடக்கலாம் என்று சொன்னதும், குவீன்ஸ்பே கடலோரத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். எதிரே ஜெரஜாக் தீவு, இடப்பக்கம் 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம். அவருக்குப் பழகிய இடம்.

“இரை உன் பொறுப்பும்மா,” என்றார்.

“எனக்குத் தெரியும் தாத்தா. நான் உயிரியல்தானே படிக்கிறேன்,” என்றேன்.

பழைய சாய வாளியைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று கழுவினேன். கடல்நீர் நிரப்பி, கடையில் வாங்கிய இறால்களைக் கொட்டினேன். தண்ணீர் சிந்தக்கூடாதே என்று மூடியை இறுக்கி, காரின் பின்பக்கம் வைத்தேன். வழியில் ரொட்டி சானாய், தே தாரிக். கடலோரம் போய் மூடியைத் திறந்தபோது எல்லா இறால்களும் வெளுத்துப் பக்கவாட்டில் கிடந்தன.

தாத்தா திட்டவில்லை. செத்த இறாலையே மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கெளுத்திகள் மட்டும் வந்தன. அவர் எதிர்பார்த்தது கொடுவா. நாம் சியாகாப் என்று சொல்வோமே, அதுதான். அது துள்ளுகிற இரையைத்தான் தேடி வரும். “பரவால்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு என் குறிப்பேட்டை எடுத்து, இறால்கள் ஏன் செத்தன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடியது அதிகபட்சம் 6 மில்லிகிராம் சொச்சம்தான். அதாவது, நாற்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. என் வாளியின் பத்து லிட்டரில் மொத்தம் 60 மில்லிகிராம் அளவே இருந்திருக்கும். அதை முப்பது இறால்கள் பங்குபோட வேண்டும். மூடியையும் இறுக்கிவிட்டதால் வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை.

வெயிலில் நின்ற கார் இன்னொரு தவறு. நீர் சூடாகச் சூடாக, அதில் ஆக்சிஜன் கரையும் அளவு குறையும். அதே நேரத்தில் இறாலின் உடலியக்கம் வேகமெடுத்து, அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகுமோ, அதுதான் வாளியிலும் நடந்தது. போதாததற்கு, இறால்கள் வெளியேற்றும் அம்மோனியா. வெப்பம் கூடும்போது அதன் நச்சுத்தன்மையும் கூடுகிறது. நான் சரியாக அலசாமல் விட்ட சவர்க்காரமும் தன் பங்குக்குச் செவுள்களைப் பதம் பார்த்திருக்கும்.

மறுநாள் தாத்தாவிடம் போய், “நீங்க எப்படி வச்சிருப்பீங்க?” என்று கேட்டேன். அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால், அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் பாடப்புத்தகத்தில் காரணம் இருந்தது.

“தண்ணிய அள்ளி மேலேருந்து ஊத்தணும்,” என்றார். உயரத்திலிருந்து ஊற்றும்போது நீர் காற்றைக் குமிழிகளாக இழுத்துக்கொண்டு போகிறது. குமிழி சிறிதாகச் சிறிதாக, நீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடுகிறது. இன்று மீன்பிடிக் கடைகளில் விற்கும் பேட்டரி காற்றுக் குழாய் செய்வதும் இதே வேலைதான். இதைவிட எளிய வழியும் ஒன்று சொன்னார்: துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையில் இறால்களைப் போட்டு மூடி, கயிறு கட்டிக் கடலிலேயே மிதக்க விடுவது. புதிய நீர் தானாக வந்து போகும்.

“ஐஸ உடைச்சுப் போடாத, போத்தலோட போடு.” குழாய் நீரில் செய்த பனிக்கட்டி கரைந்தால், அதிலுள்ள குளோரின் வாளிக்குள் இறங்கும், உப்பின் அளவும் மாறும். மூடிய போத்தலில் உறைய வைத்த நீர் குளிர்ச்சியை மட்டும் தரும்.

“கொஞ்சம் எறான்னா, ஈரப் பேப்பர்ல சுத்தி ஐஸ் பெட்டில வை.” இதை நான் மூடநம்பிக்கை என்றே நினைத்திருந்தேன். தண்ணீரே இல்லாமல் இறால் எப்படிப் பிழைக்கும்? செவுள் ஈரமாக இருக்கும் வரை இறாலால் காற்றிலிருந்தும் ஓரளவு ஆக்சிஜனை எடுக்க முடியும். குளிர்ச்சியில் அதன் தேவையும் குறைந்துவிடும். ஜப்பானில் குருமா இறால்களைக் குளிரூட்டிய மரத்தூளில் அடுக்கி, உயிரோடு சந்தைக்கு அனுப்புகிறார்கள். தாத்தா மரத்தூளுக்குப் பதிலாகக் கடல்நீரில் நனைத்த பழைய நாளிதழைப் பயன்படுத்தினார்!

சிறுமீன்களுக்கு வேறு பக்குவம் வேண்டும். சின்னச் சின்ன முட்களில் மினுமினுக்கும் இழைகள் கட்டிய அப்போலோ தூண்டிலில் தம்பான் மீன்கள் வரிசையாக மாட்டும். “கையால புடிக்காத, வாளி மேலேயே உதறி விடு,” என்பார் தாத்தா. தம்பானின் செதில்கள் தொட்டாலே உதிரும். கடல் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். செதிலும் வழவழப்பும் போய்விட்டால் உடலிலுள்ள நீரைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும். நான்காம் படிவத்தில் நாம் மனப்பாடம் செய்த ஓஸ்மோசிஸ்தான் இது. தேர்வில் உருளைக்கிழங்குத் துண்டை வரைந்தேன். மீன் நினைவுக்கு வரவே இல்லை.

எந்த நாளில் போவது என்பதையும் அவர் சுவரிலுள்ள தமிழ் நாள்காட்டியில்தான் பார்ப்பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். அஷ்டமி, நவமிப் பக்கம் மந்தமாகும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதற்கும், செங்கோணத்தில் நின்று இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இரையை நீங்களே பிடிக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. மின்சாரம், நஞ்சு, வெடி ஆகியவற்றால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. குஞ்சு குளுவான்களைக்கூட விட்டுவைக்காத ‘பூபு நாகா’ எனும் நீண்ட கூண்டு வலைக்கும் தடை உண்டு.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் போனோம். சவர்க்காரம் படாத வாளி, காற்றுக் குழாய், உறைந்த போத்தல், பாதி எண்ணிக்கையில் இறால். இம்முறை ஒன்றுகூடச் சாகவில்லை. தாத்தா கருந்திட்டில் முள் படாமல் இறாலின் தலைக்கொம்பின் கீழ் நுனியைச் செருகினார். இறால் நீரில் துள்ளியது. நீர் ஏறத் தொடங்கியபோது ஒரே ஒரு கொடுவா மாட்டியது. முழங்கை நீளம்கூட இல்லை. தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கிளம்பும்போது ஆறு இறால்கள் மிச்சம். “பாவம், கடல்ல விட்டுரும்மா,” என்றார். இங்கேதான் நான் குறுக்கிட்டேன். “வேணாம் தாத்தா. இது பண்ணை எறா. நம்ம கடல்ல பொறந்ததில்ல.” நம் நாட்டுப் பண்ணைகளில் பரவலாக வளர்க்கப்படும் வெள்ளைக்கால் இறாலின் தாயகம் மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கடற்கரை. பண்ணை இறால்களைத் தாக்கும் வெண்புள்ளி வைரஸ், காட்டு இறால்களுக்கும் பரவக்கூடியது. இரக்கப்பட்டு விடும் ஆறு இறால், கடலில் இருப்பவற்றுக்கே வினையாகலாம்.

தாத்தா கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தார். “அப்படியா? எத்தனை வருசமா விட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றார் மெதுவாக. பிறகு, “சரி, பாட்டிகிட்ட குடு. சம்பால் வைக்கட்டும்,” என்று சிரித்தார்.

மாணவ நண்பர்களே, இப்போது என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் தாத்தா சொன்னது, மறுபக்கம் அதற்கான காரணம் என்று எழுதி வருகிறேன். உங்கள் வீட்டிலும் மீன் பிடித்தவரோ, மாடு வளர்த்தவரோ, பால்மரம் சீவியவரோ இருப்பார். கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருந்தால், அதையும் மரியாதையோடு சொல்லுங்கள்.

மறுபக்கம் இன்னும் காலியாக இருப்பது ஒன்றுதான். தூண்டில் போட்டுக் காத்திருக்கும்போது மீனின் பெயரைச் சொல்லக்கூடாதாம். அதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறப்பதில்லை.