கணவனுக்கு இரங்கிய கல்கத்தா

கொல்கத்தா: 1873-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி, தாரகேசுவரம் சிவன் கோயிலுக்கு அருகிலுள்ள கிராமத்தில் 16 வயது ஏலோகேசி கொல்லப்பட்டாள். மீன் அரியும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்தவன் கணவன் நபீன்சந்திரன். கல்கத்தாவில் அரசு அச்சகமொன்றில் பணிபுரிந்த அவன், கோயில் மகந்த் மாதவசந்திர கிரியோடு மனைவிக்குத் தொடர்பு இருப்பதை அறிந்து இக்கொலையைச் செய்தான். பிள்ளை வரம் நாடிச் சென்றவளை மகந்த் வலுக்கட்டாயமாகக் கெடுத்தான் என்றும் அந்நாளிலேயே பேசப்பட்டது. அவள் தரப்பைச் சொல்லத்தான் அவள் இல்லை.

கொன்றவன் போலீசாரிடம் தானே ஒப்புக்கொண்டான். ஆயினும் அமர்வு நீதிமன்றத்தில் இந்திய ஜூரிகள், சித்தம் கலங்கிய நிலையில் செய்தது என்று கூறி அவனைக் குற்றமற்றவன் என்றனர். நீதிபதி இதை ஏற்காமல் வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கு ஆயுள்காலத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. மகந்துக்கோ 3 ஆண்டு கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும். நபீனை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்கள் குவிந்தன. 1875-இல் அவன் மன்னிக்கப்பட்டான்.

இவ்வழக்கு நாடகங்களாயிற்று. காளிகட்டத்துப் படக்காரர்கள் கொலைக் காட்சியையே வரைந்து விற்றனர். அப்படங்கள் சில இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏலோகேசி பெயரிட்ட சேலைகளும் வெற்றிலைப் பெட்டிகளும், ஏன், அரிவாள்மணைகளும்கூடக் கடைக்கு வந்தன. மகந்தின் மீது மக்கள் கொண்ட கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தின் நிழலில் மனைவியைக் கொன்றவன் மானமுள்ள கணவனாகிவிட்டான்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பும் (2019-21) இதே மனநிலையைத்தான் வேறு வடிவில் காட்டுகிறது. மாமனார் மாமியாரை மதிக்காதது, வீட்டைக் கவனிக்காதது, சொல்லாமல் வெளியே போவது போன்ற 7 காரணங்களுள் ஏதேனும் ஒன்றுக்காகக் கணவன் அடிப்பது சரியே என்றவர்கள், நாடு முழுவதும் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். மேற்கு வங்கப் பெண்களில் இது 42. தமிழகத்தில் நான்கு பெண்களில் மூவருக்கும் மேல் அவ்வாறே கூறினர் என்பதால், வங்காளத்தைப் பார்த்து நாம் புருவம் உயர்த்துவதற்கு இடமில்லை. கணவனின் வன்முறைக்கு ஆளானோர் மேற்கு வங்கத்தில் 27 சதவீதம், தமிழகத்தில் 38.

இருப்பினும் எண்ணமும் செயலும் நேர்கோட்டில் செல்வதில்லை. அடி நியாயம் என்று கேரளப் பெண்களில் 52 சதவீதத்தினர் கூறியபோதும், அங்கு அடிபட்டோர் ஏறத்தாழ 10 சதவீதமே. வன்முறையை மனப்பான்மை மட்டும் உண்டாக்குவதில்லை. அதற்குப் பிறகு யார் பேச்சு எடுபடும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. நாடெங்கும் வன்முறைக்குள்ளான பெண்களில் 77 சதவீதத்தினர் உதவி கோரவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை.

சொல்லத் துணிந்தவர்களுக்கு 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவும், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் கிடைத்தன. 1995 முதல் கொல்கத்தாவில் இயங்கிவரும் ‘ஸ்வயம்’ போன்ற அமைப்புகள் இவர்களுக்குத் துணை நிற்கின்றன. அதே நகரின் உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், 498-ஏ பிரிவைத் தவறாகப் பயன்படுத்திச் சில பெண்கள் ‘சட்டப் பயங்கரவாதத்தை’ ஏவிவிட்டுள்ளதாகக் குறிப்பிட்டது. பொய் வழக்குகள் இல்லாமல் இல்லை. ஆனால் வாய் திறக்காத 77 சதவீதத்தினர் எந்த நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை.

2024 ஆகஸ்ட் 14-ஆம் தேதி நள்ளிரவில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். செப்டம்பர் 3-ஆம் தேதி மாநிலச் சட்டமன்றம் ‘அபராஜிதா’ மசோதாவை நிறைவேற்றி, பலாத்காரக் குற்றத்துக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வன்புணர்வது குற்றமாகாது என்னும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு விதிவிலக்கை அந்த மசோதா தொடவில்லை.