வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு

ஆரணித் தறிகளுக்கு வேண்டிய பட்டுக்கூட்டை நம் கொல்லையிலேயே விளைவிக்கலாம். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இது ஏற்ற சுயதொழில். கிணற்றுப் பாசனமுள்ள ஒரு ஏக்கரில் வி-1 மல்பெரி நடலாம். முதல் இலை அறுவடைக்கு ஏறக்குறைய 6 மாதமாகும். ஆகவே, தோட்டம் நன்கு தழைத்த பிறகே புழு வளர்ப்பு மனைக்குக் கடன் வாங்கவும்.

பொரித்த புழு சுமார் 25 நாளில் கூடு கட்டும். தன் தீனியில் பெரும்பகுதியை அது கடைசி ஒரு வாரத்தில்தான் தின்னும். அப்போது இலை பற்றாவிட்டால் கூடு இளைத்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். எனவே, இலையைக் கணக்கிட்டு முட்டை வாங்கவும். ஆசைக்கு வாங்க வேண்டாம். பூச்சிமருந்து பட்ட இலையைக் கொடுக்கலாகாது. ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் மனையைக் கிருமிநீக்கம் செய்வது அவசியம். பயிற்சி, மானிய விவரங்களைப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டறிந்து தொடங்குவது நலம்.