ஐரோப்பாவின் பன்றி இறைச்சி வரத்து: ஏற்றமும் இறக்கமும் நமக்குச் சொல்வது என்ன?



தலைப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரி. பன்றி இறைச்சியை வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. நம்மில் பலர் அதைச் சாப்பிடுவதும் இல்லை. ஆயினும் ஒரு பெரிய சரக்கின் வரத்து ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதற்கு இந்த வியாபாரத்தைப் போல் தெளிவான பாடம் வேறு எதிலும் நான் கண்டதில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய 27 நாடுகளும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் சுமார் 2 கோடியே 34 லட்சம் டன் பன்றி இறைச்சி உற்பத்தி செய்தன. 2023-ல் அது 2 கோடியே 10 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் இருபது லட்சம் டன்னுக்கு மேல் சரிவு. இதற்குக் காரணம் என்ன?

பத்து மாதச் சரக்கு

பன்றி வளர்ப்பில் விலையும் வரத்தும் சேர்ந்து நடப்பதில்லை. தாய்ப்பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். குட்டி விற்பனை எடைக்கு வர இன்னும் ஐந்தரை, ஆறு மாதம். ஆக, இன்றைய நல்ல விலையைப் பார்த்துப் போடும் முதல் பத்தாவது மாதத்தில்தான் சரக்காக வருகிறது. அதே விலையைப் பார்த்து அத்தனை பேரும் முதல் போட்டிருப்பார்கள்! எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து விழும்போது விலை சரிகிறது. நஷ்டப்பட்டவர்கள் தாய்ப்பன்றிகளை விற்றுவிடுகிறார்கள். பிறகு தட்டுப்பாடு வந்து மீண்டும் விலை ஏறுகிறது. ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர் 1920-களின் பிற்பகுதியிலேயே இந்தச் சுழற்சியை ஆராய்ந்து எழுதினார். சின்ன வெங்காய விலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

டென்மார்க் கற்ற பாடம்

இந்தச் சுழற்சி ஒரு புறம் இருக்க, அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெரிய வாடிக்கையாளர் திடீரென்று கதவை மூடுவதுதான் அது.

டென்மார்க் விவசாயிகள் முன்பு பன்றிகளை உயிரோடு ஜெர்மனிக்கு விற்று வந்தார்கள். 1887-ல் ஜெர்மனி அந்த இறக்குமதியைத் தடை செய்தது. அதே ஆண்டில் ஹார்சன்ஸ் நகரில் விவசாயிகளே கூட்டுறவு முறையில் ஓர் இறைச்சிக்கூடம் தொடங்கினார்கள். உயிருள்ள பன்றிக்குப் பதிலாக, உப்பிட்டுப் பதப்படுத்திய பேக்கனைப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் மக்கள் காலை உணவுக்கு விரும்பியபடி, கொழுப்புக் குறைந்த நீண்ட உடல்வாகு கொண்ட பன்றி இனத்தையும் உருவாக்கினார்கள். சரக்கை வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்ட அந்த நாடு பெரும் ஏற்றுமதி நாடாயிற்று.

ஆனால் ஜெர்மனியை நம்பியிருந்தவர்கள் இப்போது பிரிட்டனையே நம்பியிருந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டன் பேக்கன் இறக்குமதிக்கு அளவு விதித்தபோது டென்மார்க் மறுபடியும் அடி வாங்கியது. உள்நாட்டிலேயே பன்றி வளர்ப்புக்குக் கட்டுப்பாடு வைக்க வேண்டி வந்தது. வாடிக்கையாளரை மாற்றினால் மட்டும் போதாது, எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும் என்பதை இதில் நாம் கவனிக்க வேண்டும்.

சீனாவின் கிராக்கி

2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. இந்நோய் மனிதரைத் தாக்காது. பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும். அந்நாட்டின் உற்பத்தி 2018-ல் சுமார் 5 கோடியே 40 லட்சம் டன். 2020-ல் 4 கோடியே 11 லட்சம் டன். இந்தப் பற்றாக்குறையை நிரப்ப ஐரோப்பிய வியாபாரிகள் கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பினார்கள். நல்ல விலை கிடைத்ததால் பலர் பண்ணையைப் பெருக்கினார்கள். 2021-ல் சீன உற்பத்தி மறுபடியும் 5 கோடியே 30 லட்சம் டன் அளவுக்கு எழுந்தது, கொள்முதல் குறைந்தது. அடுத்து 2022-ல் உக்ரைன் போரால் தானியமும் தீவனமும் விலை ஏறின. விற்பனை ஒரு பக்கம் சுருங்க, அடக்கவிலை மறுபக்கம் ஏறியது. முன்னே சொன்ன இருபது லட்சம் டன் சரிவுக்கு இவையே பெருங்காரணங்கள்.

ஜெர்மனியும் ஸ்பெயினும்

எல்லா நாடும் ஒரே மாதிரி இறங்கவில்லை. 2020 செப்டம்பரில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் இறந்து கிடந்த ஒரு காட்டுப்பன்றியில் இந்நோய் உறுதியானது. பண்ணைப் பன்றி ஒன்றுக்குக்கூட அப்போது நோய் இல்லை. ஆனாலும் சில நாட்களில் சீனா, ஜெர்மனியின் சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டது. கிலோ 1.47 யூரோவாக இருந்த பண்ணை விலை உடனே 1.27 யூரோவுக்கு விழுந்தது. உள்நாட்டிலும் மக்கள் இறைச்சி உண்பது குறைந்து வந்தது. 2016-ல் 55 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த ஜெர்மன் உற்பத்தி 2023-ல் 42 லட்சம் டன் அளவுக்கு வந்தது.

ஸ்பெயின் வேறு வழியில் போயிற்று. 1960 முதல் 1995 வரை இதே நோயோடு போராடி மீண்ட நாடு அது. அங்கே பெரிய நிறுவனம் குட்டியும் தீவனமும் கொடுக்கும். விவசாயி வளர்ப்புக்கூலி பெறுவார். நமது பல்லடம் பகுதி பிராய்லர் கோழிப் பண்ணை முறை போன்றதுதான். இம்முறையில் வளர்ந்த ஸ்பெயின் 50 லட்சம் டன்னைத் தொட்டு, ஜெர்மனியை முந்தி முதலிடம் பிடித்தது.

2025 நவம்பரில் பார்சிலோனா அருகே காட்டுப்பன்றிகளில் நோய் மறுபடியும் தென்பட்டது. ஜப்பான் ஸ்பெயினின் சரக்கு முழுவதையும் நிறுத்தியது. சீனாவோ பார்சிலோனா மாகாணச் சரக்கை மட்டுமே நிறுத்தியது. நோய் வந்த பகுதியை மட்டும் விலக்குவது என்று முன்னதாகவே பேசி ஒப்பந்தம் செய்திருந்ததே காரணம். ஜெர்மனியிடம் 2020-ல் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை.

நமக்கு என்ன?

1991-ல் எனது மண்டியின் வற்றல் மிளகாயில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வெளியூர் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மாலை டெலிபோனில் "அடுத்த மாதத்திலிருந்து சரக்கு வேண்டாம்" என்றார்கள். கோடவுனில் நானூறு மூட்டை. அடக்கத்துக்கும் கீழே தள்ளிவிட்டு, வீட்டு நகையை அடகு வைத்து விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தேன். மீள நான்கு வருஷம் ஆயிற்று.

இன்று கடையை என் மகன் கவனிக்கிறான். எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பெரிய நிறுவனத்துக்குப் போகிறது. "பில் பெரிசு, அலைச்சல் இல்லை அப்பா" என்கிறான். அவன் சொல்வதும் உண்மைதான். ஆனால் நான் அவனிடம் மூன்று காரியம் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிறு மளிகைக் கடைகளின் பழைய கணக்கை விட்டுவிடக் கூடாது. பெரிய இடத்தில், கொள்முதலை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்றான். மூன்றாவதைக் கேட்கத் தயங்குகிறான். வியாபாரம் நன்றாக நடக்கும்போதுதான் அதைக் கேட்க முடியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.