ஆளில்லா வீடுகள் பதிவு விதிகள் (ஐக்கிய அமெரிக்கா)

ஆளில்லா வீடுகள் பதிவு விதிகள் என்பவை, குடியிருப்போர் இன்றிக் கிடக்கும் கட்டடங்களைப் பட்டியலிடவும், அவற்றைப் பொறுப்பானவர்களைக் கொண்டே பராமரிக்கச் செய்யவும் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களும் கவுண்டிகளும் இயற்றியுள்ள உள்ளூர்ச் சட்டங்கள் ஆகும். வீட்டுக் கடன் தவணை தவறியதால் வங்கியின் அடமானக் கைப்பற்றலுக்கு உள்ளான வீடுகளும் இவற்றுள் அடங்கும். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கு யார் பொறுப்பு, அவரை எப்படித் தொடர்பு கொள்வது என்னும் எளிய வினாவுக்கு விடை பெறுவதே இவ்விதிகளின் முதன்மை நோக்கம் ஆகும். 2000களின் தொடக்கத்தில் சில நகரங்களில் மட்டுமே இருந்த இவ்விதிகள், 2007 இல் வெடித்த வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவின.

வரையறைகள்

எல்லா நகரங்களுக்கும் பொதுவான ஒரே வரையறை இல்லை. எனினும் பெரும்பாலான விதிகள் மூன்று நிலைகளை வேறுபடுத்துகின்றன.

* ஆளில்லா வீடு: சட்டப்படி குடியிருப்பவர் எவரும் இல்லாத வீடு. உரிமையாளர் அறியப்பட்டவராக இருக்கலாம். வரியையும் ஒழுங்காகச் செலுத்தி வரலாம்.
* கைவிடப்பட்ட வீடு: ஆளில்லாதது மட்டுமன்றி, உரிமையாளர் தம் கடமைகளையும் விட்டுவிட்ட வீடு. மின்சாரமும் நீரும் துண்டிக்கப்பட்டிருத்தல், குவிந்த கடிதங்கள், உயர்ந்து வளர்ந்த புல், உடைந்த சன்னல்கள் ஆகியவை இதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.
* அடமானக் கைப்பற்றலுக்கு உள்ளான வீடு: கடன் தவணை தவறியதால், கடன் கொடுத்த நிறுவனம் வீட்டை விற்றுக் கடனை ஈடுசெய்யச் சட்ட நடவடிக்கை தொடங்கியுள்ள வீடு. இதில் ஆள் குடியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் அடகு வைத்த நகை "மூழ்கிப் போதல்" என்று கூறப்படுவது அடமானக் கைப்பற்றலுக்கு நெருங்கிய கருத்து ஆகும். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அடகு வைத்த நகை முதல் நாளிலிருந்தே கடன் கொடுத்தவரின் பெட்டியில் இருக்கும். வீடோ கடன் வாங்கியவரின் உடைமையாகவும் பொறுப்பாகவும் தொடரும். அவர் வெளியேறிய பின்னரும், வங்கி அதனை எடுத்துக்கொள்ளும் முன்னரும் உள்ள இடைவெளியில் வீடு கவனிப்பாரற்றுப் போகிறது.

பின்னணி

பொறுப்பில் உள்ள இடைவெளி

கைப்பற்றல் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே அறிவிப்பு வழங்கி ஏலம் விடப்படுகிறது. நியூயார்க், நியூ ஜெர்சி, இலினாய் ஆகிய மாநிலங்களில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும்; இது சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும். தவணை தவறிய அறிவிப்பு வந்தவுடனேயே பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறிவிடுகின்றன. ஏலம் முடியும் வரை வங்கி உரிமையாளர் அன்று. ஆகவே புல் வெட்டுவதும் குழாய் பழுதுபார்ப்பதும் தன் வேலை அன்று என அது கூறலாம். உரிமையாளரோ வீடு வங்கிக்குப் போய்விட்டதாகவே எண்ணியிருப்பார்.

விற்கும் செலவைவிட வீட்டின் மதிப்புக் குறைவாக இருந்தால், வங்கி தொடங்கிய வழக்கைப் பாதியில் கைவிடுவதும் உண்டு. இத்தகைய வீடுகள் "நடைப்பிண வீடுகள்" (சோம்பி வீடுகள்) எனப்படுகின்றன. வெளியேறிய குடும்பம் பல மாதங்கள் கழித்து, தாம் இழந்துவிட்டதாக எண்ணிய வீட்டுக்கான சொத்து வரியும் நகராட்சி அபராதமும் தம் பெயருக்கே வருவதைக் கண்டு திகைக்க நேர்கிறது.

வீட்டுக் கடன்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுப் பத்திரங்களாக விற்கப்பட்டதும் இச்சிக்கலை வளர்த்தது. கடன் கொடுத்த வங்கி ஒன்று, தவணையைத் தண்டும் நிறுவனம் மற்றொன்று, கடனின் பயனை அடையும் முதலீட்டாளர் வேறொருவர் என்ற நிலை ஏற்பட்டது. கவுண்டியின் நிலப் பதிவேட்டைப் பார்த்த ஆய்வாளர்களுக்குப் பல வேளைகளில் உண்மையான பொறுப்பாளரின் பெயர் கிடைக்கவில்லை.

அக்கம்பக்கத்துக்கு நேரும் தீங்குகள்

கவனிப்பாரற்ற வீட்டில் குளிர்காலத்தில் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன, செப்புக் குழாய்களும் கம்பிகளும் திருடப்படுகின்றன, குப்பை கொட்டப்படுகிறது. பின்வரும் நிகழ்வுகள் தீங்கின் அளவைக் காட்டுகின்றன.

* 1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. வீடற்ற இருவர் அங்குத் தங்கியிருந்தனர். மெழுகுவர்த்தி கவிழ்ந்து தீப்பிடித்ததும் அவர்கள் வெளியேறிவிட்டனர். உள்ளே ஆட்கள் சிக்கியிருக்கலாம் எனத் தேடச் சென்ற தீயணைப்பு வீரர்களுள் 6 பேர் உயிரிழந்தனர்.
* 2007 கோடையில் கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில் மேற்கு நைல் தீநுண்மத் தொற்றுக்கு ஆளானோர் எண்ணிக்கை 276 விழுக்காடு உயர்ந்தது. கடன் தவறிய வீடுகளில் பராமரிப்பின்றிப் பாசி படிந்த நீச்சல் குளங்களில் கொசுக்கள் பெருகியதை ஆய்வாளர்கள் இதனுடன் தொடர்புபடுத்தினர்.
* 2022 ஜனவரி 24 அன்று பால்ட்டிமோர் நகரில் ஆளில்லாத வரிசை வீடு ஒன்றில் பற்றிய தீயை அணைக்கையில், கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தனர்.

வரலாறு

டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரம் 2003 இல் கொண்டுவந்த விதி, இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. வீடு எவ்வளவு காலம் ஆளின்றிக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஆண்டுக் கட்டணம் உயரும் என்பதே அதன் சிறப்பு. ஓராண்டு ஆளில்லாமல் இருந்த வீட்டுக்கு 500 டாலராகத் தொடங்கிய கட்டணம், பத்தாண்டுகளில் 5,000 டாலரை எட்டியது. அதன் பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 500 டாலர் கூடியது. வீட்டைச் சும்மா வைத்திருப்பதைவிட விற்பதோ வாடகைக்கு விடுவதோ நன்று என உரிமையாளர் முடிவு செய்ய வேண்டும் என்பது இதன் கருத்து.

வில்மிங்டன் விதி உரிமையாளரை நோக்கியது. கடன் கொடுத்த நிறுவனத்தை நோக்கிய விதிக்கு வழிகாட்டியது, கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்குத் தெற்கே உள்ள சூலா விஸ்டா நகரம் ஆகும். 2007 இல் அது இயற்றிய விதிப்படி, தவணை தவறியதும் கடன் கொடுத்த நிறுவனம் வீட்டைச் சென்று பார்க்க வேண்டும். அங்கு ஆளில்லை என்றால் 10 நாட்களுக்குள் 70 டாலர் கட்டணத்துடன் நகரிடம் பதிவு செய்து, உள்ளூர் நிறுவனம் ஒன்றைப் பராமரிப்புக்கு அமர்த்த வேண்டும். வீடு கைவிடப்பட்டால் உள்ளே நுழைந்து அதனைக் காக்கும் உரிமையை அடமான ஒப்பந்தங்கள் ஏற்கெனவே வங்கிக்கு அளித்திருந்தன. அவ்வுரிமையைக் கடமையாக மாற்றியதே சூலா விஸ்டா விதியின் புதுமை ஆகும்.

நெருக்கடி முற்றியபோது இம்மாதிரியைப் பல நகரங்கள் பின்பற்றின. 2010 இல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 இலட்சம் வீடுகள் மீது கைப்பற்றல் நடவடிக்கைகள் பதிவாயின. கைவிடப்பட்ட வீடுகளை வாங்கிச் சீரமைக்க உள்ளூராட்சிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றுக்கு, 2008 இல் நடுவணரசு 392 கோடி டாலர் ஒதுக்கியது. 2009 இலும் 2010 இலும் மேலும் நிதி வழங்கப்பட்டது.

பதிவு முறை

விதிகள் நகருக்கு நகர் மாறுபட்டாலும், பதிவுப் படிவத்தில் பொதுவாகக் கேட்கப்படுபவை பின்வருமாறு:

* சொத்தின் முகவரியும் நிலப் பதிவு எண்ணும்
* உரிமையாளர், கடன் கொடுத்த நிறுவனம், தவணை தண்டும் நிறுவனம் ஆகியோரின் பெயர்கள்
* நேரில் வந்து செயற்படக்கூடிய உள்ளூர் முகவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்
* வீடு ஆளில்லாமற்போன நாள்
* வீட்டை விற்றல், சீரமைத்தல் அல்லது இடித்தல் குறித்த திட்டம்
* சில நகரங்களில், பொறுப்புக் காப்புறுதி இருப்பதற்கான சான்று

இவற்றுள் உள்ளூர் முகவர் பற்றிய விவரமே மிக முக்கியமானது. வேறு மாநிலத்தில் உள்ள தலைமையகத்தின் முகவரியால், நள்ளிரவில் உடைந்த கதவை மூட இயலாது. பதிவு செய்வதற்கான கால எல்லை தவணை தவறிய நாளிலிருந்தோ, வீடு ஆளில்லாமற்போன நாளிலிருந்தோ கணக்கிடப்படுகிறது. வீடு விற்கப்பட்டாலோ மீண்டும் குடியேறப்பட்டாலோ பதிவு நீக்கப்படும்.

பராமரிப்புக் கடமைகள்

பதிவு செய்வதுடன் கடமை முடிவதில்லை. பொதுவாக விதிக்கப்படும் கடமைகள்:

* கதவுகள், சன்னல்கள், பிற திறப்புகளை மூடிப் பாதுகாத்தல்
* புல்லையும் களைகளையும் வெட்டுதல். பனிக்காலத்தில் நடைபாதைப் பனியை அகற்றுதல்
* குப்பை, பழைய தளவாடங்கள், சுவர்க் கிறுக்கல்கள் ஆகியவற்றை நீக்குதல்
* நீச்சல் குளத்தை வற்றச் செய்தல், அல்லது நீரைத் தூய்மையாக வைத்து வேலியிடுதல்
* குளிர்ப் பகுதிகளில் குழாய் நீரை வடித்து, உறையாமல் காத்தல்
* பொறுப்பாளரின் பெயரும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் கொண்ட பலகையை வீட்டின் முன் வைத்தல்
* குறித்த கால இடைவெளியில் வீட்டைப் பார்வையிடுதல்

திறப்புகளை மூடும் முறையும் விவாதத்துக்கு உரியதாயிற்று. ஒட்டுப்பலகை அடித்த சன்னல், வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடுகிறது. ஒகைய்யோ மாநிலத்தில் 2017 ஜனவரியில் கையொப்பமான சட்டம், விரைவுக் கைப்பற்றலுக்கு உட்பட்ட ஆளில்லா வீடுகளில் ஒட்டுப்பலகை அடிப்பதைத் தடை செய்தது. பிலடெல்பியா நகரம், பெரும்பாலும் ஆட்கள் வாழும் தெருக்களில் உள்ள ஆளில்லாக் கட்டடங்களுக்கும் இயங்கும் கதவுகளும் சன்னல்களும் இருக்க வேண்டும் என்னும் விதியை 2011 முதல் நடைமுறைப்படுத்தியது.

தண்டனைகளும் செலவு மீட்பும்

கடமை தவறினால் முதலில் அறிவிப்பு அனுப்பப்படும். பின்னர் அபராதம் விதிக்கப்படும். கலிபோர்னியா மாநிலம் 2008 இல் இயற்றிய சட்டம், கைப்பற்றலுக்குப் பின் ஆளில்லாத வீட்டைப் பராமரிக்கத் தவறும் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. வேலையைத் தொடங்க 14 நாட்களும் முடிக்க 30 நாட்களும் அவகாசம் தரப்பட்டது. நகரமே புல் வெட்டியோ கதவடைத்தோ செலவு செய்தால், அத்தொகையைச் சொத்தின் மீது பற்றுரிமையாக ஏற்றலாம். வீடு விற்கப்படும்போது அத்தொகை கழித்துக்கொள்ளப்படும்.

சட்டச் சிக்கல்கள்

இன்னும் உரிமையாளர் ஆகாத ஒரு நிறுவனத்தின் மீது நகரம் கடமையைச் சுமத்தலாமா, பதிவுக் கட்டணம் உண்மையில் கட்டணமா வரியா என்னும் இரு வினாக்கள் நீதிமன்றங்களில் எழுந்தன.

சிகாகோ நகரம் 2011 இல் தன் விதியைத் திருத்தி, ஆளில்லா வீடுகளைப் பதிந்து பராமரிக்கும் கடமையைக் கடன் கொடுத்த நிறுவனங்கள் மீதும் சுமத்தியது. அப்போது பதிவுக் கட்டணம் 500 டாலராக இருந்தது. பேனி மே, பிரெடி மேக் ஆகிய அடமான நிறுவனங்களை 2008 முதல் தன் பாதுகாப்பில் கொண்டிருந்த நடுவணரசின் வீட்டுநிதி முகமை இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அவ்விரு நிறுவனங்கள் மீதும் விதி செல்லாது எனவும், கட்டணம் வரியின் தன்மை உடையது எனவும் நடுவண் மாவட்ட நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. பிற நிறுவனங்களைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு விதியை நீக்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரம் 2011 இல், கைப்பற்றலுக்கு உள்ளான ஒவ்வொரு வீட்டுக்கும் 10,000 டாலர் பிணைத்தொகை கட்டுமாறு விதித்தது. வங்கிகள் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் நகருக்கு எதிராகக் கருத்துரைத்தது. நகரின் விதிகள் மாநிலச் சட்டங்களுடன் முரண்படுவதாகவும், பிணைத்தொகை ஏற்பாடு சட்டப்படியான கட்டணம் அன்று, அனுமதியற்ற வரியே எனவும் அது கூறியது. நகரம் செய்யும் பணிக்கும் வாங்கும் பணத்துக்கும் தெளிவான தொடர்பு இருக்க வேண்டும் என்பது இவ்வழக்கின் படிப்பினை ஆகும்.

மாநிலச் சட்டங்கள்

சில மாநிலங்கள் நகரங்களின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்தன. ஜோர்ஜியா 2012 இல் இயற்றிய சட்டம் பதிவுக் கட்டணத்தை 100 டாலருக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. நியூ ஜெர்சியில் 2022 ஜனவரியில் நிறைவேறிய சட்டம், கைப்பற்றல் வழக்கில் உள்ள சொத்துக்கு ஆண்டுக்கு 500 டாலரும், அது ஆளில்லாததாகவும் இருந்தால் கூடுதலாக 2,000 டாலரும் என உச்ச வரம்பு வகுத்தது.

நியூயார்க் மாநிலம் 2016 இல் வேறு வழியை மேற்கொண்டது. தவணை தவறி 90 நாட்களுக்குள் வீட்டை வெளியிலிருந்து பார்வையிடவும், ஆளில்லை எனத் தெரிந்தால் மாநிலப் பதிவேட்டில் பதிந்து பராமரிக்கவும் வேண்டும் எனக் கடன் நிறுவனங்களுக்கு அது கட்டளையிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம் உண்டு. சிறிய வங்கிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கைப்பற்றல் முடியும் முன்னரே கடமை தொடங்குவதால், நடைப்பிண வீடுகளின் சிக்கலை இச்சட்டம் நேரடியாகத் தொடுகிறது.

பயன்களும் விமர்சனங்களும்

பிலடெல்பியாவின் கதவு, சன்னல் விதியை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு, விதிக்கு இணங்கிச் சீரமைக்கப்பட்ட கட்டடங்களைச் சுற்றித் தாக்குதல்களும் துப்பாக்கிக் குற்றங்களும் குறைந்ததைக் கண்டது. எனினும் அறிவிப்புப் பெற்றவர்களுள் ஒரு பகுதியினர் மட்டுமே விதிக்கு இணங்கினர். விதியை எழுதுவதைவிட அதனை நடைமுறைப்படுத்துவது கடினம் என்பதை இது காட்டுகிறது. ஆய்வாளர்கள் போதாத நகரத்தில் பதிவேடு வெறும் பட்டியலாகவே நின்றுவிடும்.

பதிவு நகரின் வருவாய்க்கான வழியாக மாறிவிடக்கூடும் என்பது முக்கிய விமர்சனம் ஆகும். கட்டணம் வாங்கிய பின் எவரும் வீட்டைப் பார்க்கச் செல்லவில்லை எனில், கதவு உடைந்தே கிடக்கும். கட்டணச் சுமை இறுதியில் கடன் வாங்கியவரின் கணக்கிலேயே ஏற்றப்படலாம் என்ற அச்சமும் உண்டு. பெற்றோரின் வீட்டை மரபுரிமையாகப் பெற்று, சீரமைக்கப் பணமில்லாமல் பூட்டி வைத்திருப்பவரும் பெரிய வங்கியும் ஒரே விதிக்கு உட்படுவது நியாயமா என்ற வினாவும் எழுகிறது. இதனால் பழுதுபார்க்கும் பணியைத் தொடங்கியவர்களுக்கும், வீட்டை விற்பனைக்கு விட்டவர்களுக்கும் சில நகரங்கள் கட்டண விலக்கு அளிக்கின்றன.

பதிவேடு தானே ஒரு வீட்டைக் காப்பதில்லை. ஆனால் தீயணைப்பு நிலையம், கட்டட ஆய்வாளர், பக்கத்து வீட்டார் ஆகியோர் அழைக்க ஒரு பெயரையும் எண்ணையும் அது தருகிறது. வெளியேறிய குடும்பத்துக்கும், வீட்டின் பொறுப்பு இப்போது யாரிடம் உள்ளது என்பதை அறிய அது துணை செய்கிறது.

இவற்றையும் பார்க்க

* அடமானம்
* உடைந்த சன்னல் கோட்பாடு
* சொத்து வரி
* பொதுத் தொல்லை
* 2007-2008 நிதி நெருக்கடி